அணிலையும் சப்பாத்திக்கள்ளியையும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். மரம் ஏறும் கொறிணி ஒன்றையும் கள்ளி வகை ஒன்றையும் ஒப்பிட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் அணிலையும் சப்பாத்திக்கள்ளியையும் எடுத்துக்கொண்டோம். ஒன்று விலங்கு, மற்றது தாவரம். ஒன்று ஓடும், மற்றது நிற்கும் என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. இந்த இரண்டுக்கும் இடையே ஒப்பிட உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

பதில்:

நிறையவே இருக்கிறது, அம்மா. ஒன்றோடொன்று சேராத இரண்டைச் சொல்ல வந்தால் "அணில் கொம்பிலே, ஆமை கிணற்றிலே" என்பார்கள். உங்கள் மகளுக்குக் கிடைத்தது அதைவிடத் தூரமான ஜோடி. ஆனாலும் உயிரியல் கற்பித்த ஆண்டுகளில் எனக்குப் பழகிய ஒரு வழி உண்டு. இரண்டு உயிர்களை ஒப்பிட வேண்டுமானால் நிறம், உயரம், எடை என்று கட்டம் போடுவதற்கு முன்னால் இரண்டையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: உன்னைத் தின்ன வருவது யார், நீ அதற்கு என்ன செய்கிறாய்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அணிலின் கணுக்காலும் கள்ளியின் முள்ளும் ஒரே வினாவுக்கான இரண்டு விடைகளாகத் தெரியும். அதோடு, ஒரு காலத்தில் தென்னிந்தியாவையே வளைத்துக்கொண்ட ஒரு செடியை ஒரு சிறு பூச்சி எப்படி அடக்கியது என்பதும் புரியும்.

முதலில் எந்த அணில், எந்தக் கள்ளி என்று தெளிவாக எழுதிவிடச் சொல்லுங்கள். நம் வீட்டுக் கூரையிலும் தென்னையிலும் ஓடுவது மூன்று கோட்டு அணில். 1766-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். இதன் அறிவியல் பெயர் ஃபுனாம்புலஸ் பால்மரம். ஃபுனாம்புலஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் கயிற்றின்மேல் நடப்பவன் என்று பொருள், நம் கழைக்கூத்தாடிதான். பால்மரம் என்பது பனை இனத்து மரங்களைக் குறிக்கிறது. வடக்கே பெரும்பாலும் காணப்படுவது வேறோர் இனம். அதன் முதுகில் ஐந்து கோடுகள். இந்தக் கோட்டுக் கணக்கை நம்மவர்கள் எப்போதோ பார்த்துவைத்திருக்கிறார்கள். எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர் என்று சொல்லும் தொல்காப்பிய மரபியல், 'குட்டி' என்ற சொல்லுக்கு உரியவற்றின் வரிசையில் இதை 'மூவரி அணில்' என்றே குறிப்பிடுகிறது. ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளத்தை அடைமொழியாகவே வைத்திருப்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வியந்து சொல்லியிருக்கிறேன்.

கள்ளியில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. தமிழில் 'கள்ளி' என்று நாம் சொல்வதில் இரண்டு வெவ்வேறு குடும்பங்கள் கலந்து கிடக்கின்றன. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஆமணக்கின் உறவினர்கள். பழங்காலம் முதலே இந்த மண்ணில் அறியப்பட்டவை. சப்பாத்திக்கள்ளியும் அதன் நெருங்கிய உறவான மற்ற நாகதாளிகளும் வேறு குடும்பம். அதுதான் அறிவியல் சொல்லும் 'காக்டஸ்'. அந்தக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. மரங்களில் தொற்றித் தொங்கும் ரிப்சாலிஸ் என்ற ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கைக் காடுகளில் இயற்கையாகவே வளர்கிறது. அதன் பிசுபிசுப்பான விதைகளைப் பறவைகள் கடல்கடந்து கொண்டுவந்திருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

அப்படியானால் சங்கப் பாடல்களில் பாலை நிலத்தில் வரும் கள்ளி எது? குறுந்தொகையின் 174-ஆம் பாடலைப் பாருங்கள். கவைமுள் கள்ளியின் காய் கடுமையான ஒலியோடு வெடிக்கிறது. அந்தச் சத்தத்தில் இணைப்புறாக்கள் வெருண்டு பறக்கின்றன. சதுரக்கள்ளியில் முட்கள் இரண்டிரண்டாகக் கவைபோலத்தான் இருக்கும். அதன் காய் முற்றினால் தெறித்து வெடிக்கும். சப்பாத்திக்கள்ளியின் பழமோ சதைப்பற்றுள்ளது, அது வெடிக்காது. அந்தப் புலவர் பார்த்தது நம் மண்ணின் கள்ளியை என்பதற்கு முள்ளும் காயும் சேர்ந்தே சாட்சி சொல்கின்றன.

வெளியில் நின்று பிரித்தறிய இரண்டு வழிகள் போதும். கிள்ளினால் வெள்ளைப் பால் வடிந்தால் அது ஆமணக்கின் உறவு. (அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தையைக் கிள்ளவிடாதீர்கள்.) சப்பாத்திக்கள்ளியில் பால் வராது, நிறமற்ற வழுவழுப்பான நீர்தான் வரும். இரண்டாவது, முள் எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். சப்பாத்திக்கள்ளியில் ஒவ்வொரு முட்கொத்துக்கும் அடியில் பஞ்சு வைத்ததுபோல் ஒரு சிறு மெத்தை இருக்கும். அந்த மெத்தை காக்டஸ் குடும்பத்துக்கு மட்டுமே உரிய முத்திரை. நாம் எடுத்துக்கொள்ளும் இனத்தின் பெயர் ஒபன்ஷியா டில்லனி. ஒபன்ஷியா ஸ்டிரிக்டா என்ற இனத்தின் ஒரு வகையாகவும் இதைச் சேர்ப்பார்கள். கரீபியன் தீவுகள், மெக்ஸிகோ, அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரை ஆகியவை இதன் தாய்நிலம்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம்.

அணிலைத் தின்ன வருபவர்கள் பலர். பூனை, கீரி, சாரைப்பாம்பு, மேலிருந்து வல்லூறு. கூட்டில் கிடக்கும் குட்டிகளுக்குக் காக்கையும் எமன். நூறு கிராம் அளவே எடையுள்ள இந்த உடம்பில் சண்டை போடும் ஆயுதம் என்று எதுவும் இல்லை. கொறிப்பதற்கு வைத்திருக்கும் வெட்டுப்பற்கள்தான் அவசரத்துக்குக் கடிக்கவும் உதவும். அதன் பாதுகாப்பு முழுவதும் காலில் இருக்கிறது. தென்னையில் அணில் இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? ஏறுவது பெரிய வித்தை அன்று, பூனையும் ஏறும். ஆனால் பூனைக்குத் தலைகீழாக இறங்கத் தெரியாது. வாலைக் கீழே விட்டுப் பின்பக்கமாகத் தட்டுத்தடுமாறி வரும். அணில் தலையைக் கீழே வைத்து, ஏறிய அதே வேகத்தில் இறங்கும். எப்படி என்று பின்னங்கால்களைப் பாருங்கள். கணுக்காலை அப்படியே பின்னோக்கித் திருப்பி, நகங்கள் மேல்நோக்கி மரப்பட்டையில் மாட்டிக்கொள்ளும்படி வைக்கும். உடம்பு கீழே, பாதம் மேலே. அந்த நிலையில் நடுமரத்தில் தொங்கிக்கொண்டே முன்னங்கைகள் இரண்டையும் விடுவித்து ஒரு பூவைப் பிடித்துத் தின்னவும் முடியும். முன்னங்கையில் நான்கு விரல்கள்தான் தெரியும். கட்டைவிரல் வெறும் குமிழாகக் குறுகிவிட்டது. பின்னங்காலில் ஐந்து. உங்கள் மகள் எண்ணி எழுதினால் ஆசிரியர் மகிழ்வார்.

காலுக்கு அடுத்தது குரல். மதில்மேல் பூனை தெரிந்தால் 'சிக், சிக், சிக்' என்று அணில் விடாமல் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் வால் ஒரு முறை துடிக்கும். பூனை அந்த இடத்தைவிட்டுப் போகும்வரை கத்தல் நிற்காது. பதுங்கிப் பிடிப்பதுதான் பூனையின் தொழில். தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தபின் அதற்கு அங்கே வேலை இல்லை.

கள்ளிக்கு ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது. அதைத் தின்ன வருபவை மாடு, ஆடு, மான் போன்றவை, பிறகு பூச்சிகள். வறண்ட நிலத்தில் இவ்வளவு நீரைச் சேர்த்துவைத்துக்கொண்டு நிற்கும் ஒரு செடியை எந்த விலங்கும் விட்டுவைக்காது. பஞ்சகாலத்தில் நம் நாட்டிலேயே முள்ளைத் தீயில் பொசுக்கிவிட்டு மாட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். முள்ளைப் பொசுக்கிவிட்டால் அது நல்ல தீவனம். அதற்கும் விலங்கின் வாய்க்கும் நடுவே இருப்பது முள் ஒன்றுதான்.

அந்த முள்ளை உற்றுப்பார்த்தால் அதில் இரண்டு வகை உண்டு. நீளமான மஞ்சள் முட்கள் எல்லோருக்கும் தெரியும். அவற்றின் அடியில், மெத்தைக்குள், பொன்னிறத் தூள்போல் நூற்றுக்கணக்கான சுணைகள் இருக்கும். எனக்குப் பெரிய முள்ளைவிட இந்தச் சுணையிடம்தான் பயம். ஒரு சுணையை உருப்பெருக்கியின் அடியில் வைத்தால் நுனியிலிருந்து பின்னோக்கி வரிசை வரிசையாகத் தூண்டில் கொக்கிகள் தெரியும். உள்ளே போவது எளிது. இழுத்தால் கொக்கி மாட்டிக்கொண்டு முறியும். பெரிய முள் வாயைக் குத்தி விலங்கை அப்போதைக்கு விரட்டும். சுணையோ உதட்டிலும் நாக்கிலும் தங்கி, அந்த விலங்கு இன்னொரு முறை வராதபடி நாள்கணக்கில் நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

நாம் சப்பாத்தி என்று சொல்லும் அந்தத் தட்டு இலை அன்று, தண்டு. உண்மையான இலைகள் இளந்தட்டில் சிறு கூம்புகளாக முளைத்துச் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். முள்தான் உருமாறிய இலை. இங்கே ஓர் அழகான ஒப்பீடு கிடைக்கிறது. முள் வளர்ந்து முடிந்ததும் உயிரற்ற பொருளாகிவிடும். ஒடிந்தால் அதே முள் மீண்டும் வளராது. அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றின் முன்பக்கத்தில் மட்டும் கடினமான எனாமல், பின்பக்கம் மென்மை. கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் முதலில் தேய்வதால் உளிபோன்ற கூர் தானாகவே அமையும். கொறிக்காமல் விட்டால் பல் நீண்டு வாயைத் திறக்க முடியாமல் போய்விடும். கொறிணி என்ற பெயருக்கே இந்தப் பல்தான் காரணம்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அணில் விடிந்ததும் எழுந்து, பொழுது சாய்ந்ததும் கூட்டில் அடங்கும். அது அடங்கிய பிறகுதான் கள்ளி தன் தட்டில் உள்ள நுண்துளைகளைத் திறக்கும். பகல் வெயிலில் திறந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிவிடும் என்பதால், இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றிச் சேர்த்துவைத்து, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த இருப்பிலிருந்து உணவு சமைக்கும். இந்த விந்தைக்கும் நம் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர், தன் தோட்டத்து ரணகள்ளி இலையை வெவ்வேறு நேரங்களில் மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் சற்றுக் கசந்தது. 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அவருடைய கடிதம் வந்தது. ரணகள்ளி காக்டஸ் அன்று. ஆனால் இரண்டும் இதே இரவு முறையில்தான் மூச்சு வாங்குகின்றன. இப்படி அளந்து அளந்து சேர்த்த நீர் என்பதால்தான் அதற்கு அத்தனை முள் காவல்.

இனப்பெருக்கத்தில் ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வையுங்கள், பின்னால் அது தேவைப்படும். அணிலுக்கு ஓர் இணை வேண்டும், தேங்காய் நாரும் பஞ்சும் சேர்த்துக் கட்டிய கூடு வேண்டும், ஒரு மாதத்துக்குச் சற்று மேலான கர்ப்பம், பிறகு கண் திறக்காத இரண்டு மூன்று குட்டிகளுக்கு வாரக்கணக்கில் பால். கள்ளிக்கு இவை எதுவும் வேண்டாம். ஒரு தட்டு உடைந்து மண்ணில் விழுந்தால் போதும், வேர்விட்டு அதுவே ஒரு செடி. விதையும் உண்டு, பழம் தின்ற பறவை அதைக் கொண்டுபோய்ப் போடும்.

இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி இனிமேல்தான் வருகிறது. இதுவரை சொன்ன கால், குரல், முள், சுணை எல்லாம் தின்பவர் இருப்பதால் உண்டானவை. தின்பவர் இல்லாத ஊருக்கு அந்த உயிர் போனால் என்ன நடக்கும்? சப்பாத்திக்கள்ளியின் கதை அதற்கு விடை.

பதினெட்டாம் நூற்றாண்டில் உலகின் சிறந்த சிவப்புச் சாயம் மெக்ஸிகோவிலிருந்து வந்தது. நாகதாளிச் செடிகளில் வாழும் கொச்சினீல் என்ற சிறு பூச்சியை உலர்த்தி எடுக்கும் சாயம் அது. வணிகம் முழுவதும் ஸ்பெயின் நாட்டின் கையில். அதை உடைக்க மற்ற நாடுகள் துடித்தன. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780-களில் இதற்காக அயராமல் கடிதங்கள் எழுதினார். பூச்சி கிடைத்தால் வளர்ப்பதற்கு இடம் வேண்டுமே என்று சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டமே அமைக்கப்பட்டது. கடைசியில் 1795-இல் பிரேசிலிலிருந்து ஒரு கப்பலில் பூச்சி வங்காளத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது சாயத்துக்குப் பேர்போன பூச்சி அன்று. அதன் நெருங்கிய உறவான வேறோர் இனம். சாயம் தரத்தில் தேறவில்லை. அதற்குப் பதில் அது வேறொன்றைச் செய்தது. நாட்டில் காடாகப் பரவியிருந்த ஒபன்ஷியா மோனகாந்தா என்ற நாகதாளியைத் தின்று தீர்த்துவிட்டது.

இதைப் பார்த்தவர்களுக்குப் பொறி தட்டியது. 1836 முதல் 1838 வரையான ஆண்டுகளில் அந்தப் பூச்சியை வேண்டுமென்றே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கும் அதே விளைவு. 1865 வாக்கில் இங்கிருந்து இலங்கைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு களையை அடக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு உயிரினத்தைக் கொண்டுசென்ற முதல் நிகழ்ச்சியாக அறிவியல் வரலாறு இதைக் குறிக்கிறது. சாயத்துக்காக ஏமாந்து வாங்கிய பூச்சியிலிருந்து, களையை உயிரைக் கொண்டே அடக்கும் ஒரு துறையே பிறந்தது.

ஆனால் உங்கள் மகள் எடுத்திருக்கும் சப்பாத்திக்கள்ளியை அந்தப் பூச்சி தொடவே இல்லை. இந்தப் பூச்சிகள் அவ்வளவு கண்டிப்பானவை. தன் கள்ளியைத் தவிர மற்றதில் வாய் வைக்காது. வேலிக்காக நட்ட சப்பாத்திக்கள்ளி வேலியைத் தாண்டி மேய்ச்சல் நிலத்திலும் தரிசிலும் குளக்கரையிலும் ஏறியது. வெட்டினால் வெட்டிய தட்டு ஒவ்வொன்றும் செடியாகும் என்பதால் வெட்டுவதே அதைப் பரப்பியது. அதற்கு உரிய பூச்சி டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே. வட அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும், அங்கிருந்து இலங்கைக்கும் போயிருந்த அதை 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் கள்ளிக்காடுகள் வெள்ளைப் பஞ்சு படிந்து, மஞ்சளாகி, அழுகிச் சரிந்தன. இன்று சப்பாத்திக்கள்ளி நம் ஊர்களில் அங்கங்கே ஒரு புதராக நிற்கிறது. அது அழியவில்லை, பூச்சியும் அழியவில்லை. தன் தாய்நிலத்தில் இருப்பதுபோன்ற ஓர் அளவுக்கு வந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் பெரிது. 1920-களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலம் நாகதாளியின் கீழ் போயிருந்தது. குடியேறிய விவசாயிகள் வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேறினார்கள். 1925-இல் அர்ஜென்டினாவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் முட்டைகளைக் கொண்டுவந்து வளர்த்து, அடுத்த ஆண்டிலிருந்து வயல்வெளிகளில் விட்டார்கள். அதன் புழு தட்டுக்குள் துளைத்து நுழைந்து உள்ளேயே தின்னும். வெளியே நிற்கும் முள் அதற்கு ஒரு தடையே இல்லை. பத்து ஆண்டுகளுக்குள் நிலம் மீண்டது. குயின்ஸ்லாந்தில் பூனார்கா என்ற சிற்றூர் மக்கள் 1936-இல் தங்கள் ஊர் மண்டபத்துக்கு அந்தப் பூச்சியின் பெயரையே வைத்தார்கள். நிலத்தை இழந்து திரும்பப் பெற்றவர்களின் நன்றி அது. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மறக்கவே இல்லை. அதே பூச்சி 1957-இல் கரீபியன் தீவுகளில் விடப்பட்டு, 1989-இல் புளோரிடாவை எட்டி, நாகதாளியின் தாய்நிலத்திலேயே அரிய இனங்களை அரித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதே ஆஸ்திரேலியாவுக்கு அணிலும் போயிருக்கிறது. 1898-இல் பெர்த் நகரின் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து ஐந்து கோட்டு அணில்கள் வெளியே விடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் காட்சிச்சாலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நிலைபெற்றன. பழத்தையும் மின்கம்பி உறையையும் கொறிக்கும் தொல்லை என்ற பெயரும் பெற்றன. ஆனால் நூறு ஆண்டுகளில் அவை கண்டத்தை வளைக்கவில்லை. கள்ளி மட்டும் ஏன் வளைத்தது? மேலே மனத்தில் வைக்கச் சொன்ன கணக்கு இங்கே வேலை செய்கிறது என்பது என் எண்ணம். அணில் ஒரு புதிய ஊரைப் பிடிக்க இரண்டு பேர் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். மரமும் கூடும் உணவும் ஆண்டு முழுவதும் இருக்க வேண்டும். கள்ளிக்கு வெள்ளத்தில் அடித்துப்போன ஒரு தட்டு போதும்.

கொறிணியும் கள்ளியும் சேர்ந்தே வளர்ந்த நாட்டில் இரண்டும் எப்படி இருக்கின்றன என்று உங்கள் மகள் கேட்டால் அமெரிக்கப் பாலைவனத்து வெண்தொண்டை மர எலியைச் சொல்லுங்கள். அது கள்ளி முள்ளையே பொறுக்கி வந்து தன் வளையைச் சுற்றிக் குவித்து அரண் கட்டுகிறது. நரியும் காட்டுநாயும் அந்த அரணைத் தோண்டத் தயங்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் நாகதாளித் தட்டைத் தின்றே தாகத்தையும் தீர்த்துக்கொள்கிறது. அந்தத் தட்டில் ஆக்ஸலேட் என்ற நச்சுப்பொருள் நிறைய உண்டு. அளவுக்கு மீறித் தின்றால் மற்ற விலங்குகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. மர எலியின் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுகின்றன. கள்ளி வைத்த காவலையே எலி தன் வீட்டுக்குக் காவலாக வைத்துக்கொண்டது.

ஒரு பிழை நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'அணில் ஏறும், கள்ளி ஏறாது' என்று பொதுவாக எழுதிவிட வேண்டாம். இப்போது நம் ஊரில் கல்தூண் நட்டுப் பயிரிடும் டிராகன் பழச்செடியும் காக்டஸ்தான். அது தண்டிலிருந்து வேர்விட்டுத் தூணைப் பற்றி ஏறும். சப்பாத்திக்கள்ளி ஏறாது என்று எழுதினால் சரி.

இனி, எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் மகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அணிலுக்குத் தூரம் போக வேண்டாம். ஒரு தென்னையடியில் கால்மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் இறங்கி வரும், பின்னங்காலைப் பார்க்கலாம். கள்ளிக்குத் தரிசுப் பக்கம் போக வேண்டும். செருப்புக்குப் பதில் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் பூ பூத்திருந்தால் ஒரு புல்லின் நுனியால் மகரந்தத் தாள்களை மெல்லத் தொடச் சொல்லுங்கள். ஒபன்ஷியா இனங்கள் பலவற்றில் அவை தொட்டவுடன் நடுவில் உள்ள சூல்தண்டை நோக்கி வளையும். ஓடாது, நிற்கும் என்று எழுதியிருந்தீர்களே, நிற்பதும் அசையும் என்று அவள் கண்ணால் காண்பாள். பழத்தைப் பறிக்க ஆசைப்பட்டால் கையால் தொடாமல் இடுக்கியால் பறித்து, சொரசொரப்பான தரையில் நன்றாக உருட்டித் தேய்த்துச் சுணையைப் போக்கிய பிறகுதான் உரிக்க வேண்டும். விரலில் சுணை ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டும் நாடாவை அந்த இடத்தில் ஒட்டிப் பிய்த்தெடுங்கள்.

தட்டில் வெள்ளைப் பஞ்சுபோல் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதுதான் 1926-இல் வந்த பூச்சியின் பரம்பரை. பஞ்சுக்குள் மிளகைவிடச் சிறியதாக ஒரு பெண்பூச்சி, சிறகும் இல்லாமல் நகரவும் முடியாமல், தன் ஊசிவாயைத் தட்டுக்குள் செலுத்தியபடி இருக்கும். அதன் உடம்பு நிறைய இருக்கும் செந்நிறப் பொருள் எறும்புகளை விரட்டும் மருந்து. அதைத் தின்ன வருபவருக்கு அது வைத்திருக்கும் விடை. அந்தப் பொருளையும் பொருட்படுத்தாமல் கொச்சினீலைத் தின்று, அதே செந்நிறத்தைக் கக்கித் தன் எதிரிகளை விரட்டும் ஓர் அந்துப்புழுவும் அமெரிக்காவில் இருக்கிறது. நீளக் குச்சியால் கொஞ்சம் பஞ்சை வழித்து, மகளின் நோட்டில் அந்த ஒப்பீட்டுக்கென்று ஒதுக்கிய வெள்ளைத் தாளில் வைத்து, குச்சியின் முனையால் அழுத்தச் சொல்லுங்கள். வெள்ளை மறைந்து, குங்குமத்தை நீரில் கரைத்ததுபோல் ஒரு சிவப்புக் கோடு தாளில் இழுபடும். அந்தக் கோட்டுக்குக் கீழே அவள் எழுதத் தொடங்கலாம்.